அத்தானும் அரை மில்லிப் பசையும்

‘பசையுள்ள ஆசாமி’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவரிடம் நாலு காசு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் பார்த்தால் என் அத்தான் பசையுள்ள ஆசாமியே அல்ல. கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் 34 வருஷம் பிறர் பணத்தை எண்ணி எண்ணிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கிக் கொண்டு வீடு வந்து சேர்ந்தவர். ஆனால் நிஜமான பசை இருக்கிறதே, ஒட்டுகிற பசை, அது அவருடைய வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. டாக்டர் ஊசி போட்டு வைத்த பசை!

கோந்து எனக்குத் தெரியும். மைதாக் கூழ் தெரியும். தச்சர் காய்ச்சுகிற வச்சிரம் தெரியும். ஒரு துளி விட்டால் உடைந்த கோப்பையின் காதை இமைப் பொழுதில் ஒட்டி, கூடவே நம் விரல் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிடும் நவீனப் பசையும் தெரியும். அதனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் மனிதனின் இரைப்பைக்குள் போய், உடைப்பெடுத்த ரத்தக் குழாயை அடைத்து உயிரைக் காப்பான் என்பது மட்டும் 2022-ஆம் வருஷம் தீபாவளி வரையில் தெரியாது.

வயிற்றுச் சமாசாரத்தைப் பத்திரிகையில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்தக் காலத்தில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு உண்டா? தொந்தி இல்லாத குடும்பத் தலைவர்தான் உண்டா? ஆகையால் இந்தக் கதை உங்களுக்கும் என்றைக்காவது உபயோகப்படலாம்.

அத்தானைப் பற்றி முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். அவர் மது என்பதைக் கையால் தொட்டதில்லை. வெற்றிலை, புகையிலை, மூக்குப்பொடி ஒன்றும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அசோகா அல்வா. இருபது வருஷச் சர்க்கரை வியாதியையும் வைத்துக் கொண்டு அல்வாவையும் விடாமல் இருந்தார். “ஒரு விள்ளல்தானே!” என்பார். அவருடைய விள்ளல் என்பது ஒரு சின்னக் குடும்பத்துக்குப் போதும்.

தீபாவளி கழிந்து இரண்டு நாளாக அவருக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளி லேகியம் கறுப்புத்தானே, அதனால்தான் இப்படி என்று தமக்குத் தாமே ஒரு வைத்தியக் காரணம் கண்டுபிடித்துச் சமாதானம் செய்து கொண்டாராம். நாலாம் நாள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தவர், “தலையைச் சுற்றுது” என்று எழுந்தார். முற்றத்துக்குப் போவதற்குள் வாந்தி. வாந்தி முழுவதும் ரத்தம். என் அக்கா போட்ட சத்தத்தில் நாலாவது வீட்டிலிருந்த நான் ஓடிப் போனேன். அத்தானின் கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. நெற்றியில் வேர்வை. ஆனால் வாய் மட்டும், “ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே” என்று முணுமுணுத்துக் கொண்டிருந்தது.

பக்கத்து நர்ஸிங் ஹோமில் இரண்டு கையிலும் சலைன் ஏற்றி, ஆம்புலன்ஸில் போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர். அந்த நாற்பது கிலோமீட்டரும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானின் கட்டை விரலை மட்டும் பிடித்துக் கொண்டே வந்தாள்.

* * *

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். நிதானமான மனுஷர். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6-க்குக் கீழே போயிருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய்களைச் சுருங்க வைக்கும் மருந்து ஒரு பக்கம், கிருமி பரவாமல் தடுக்கும் மருந்து ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கொண்டிருந்தது.

“டாக்டர், போன ரத்தம் கொஞ்ச நஞ்சம் இல்லே. இன்னும் நாலு பாட்டில் ஏத்துங்க. என் தம்பி கொடுப்பான், என் பையனும் கொடுப்பான்” என்றாள் அக்கா.

டாக்டர் தலையை ஆட்டினார். “இந்த நோயிலே அது கூடாதும்மா. தொட்டியை வழிய வழிய நிரப்பினா அழுத்தம் ஏறி, அடைபட்ட ஓட்டை மறுபடி திறந்துக்கும். ஹீமோகுளோபின் ஏழு, எட்டுன்னு நின்னா போதும்” என்றார்.

எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. பிறகு தெரிந்து கொண்டேன்: ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவில் இதை ஆராய்ச்சி செய்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வயிற்றில் ரத்தக் கசிவு வந்தவர்களுக்குத் தாராளமாக ரத்தம் ஏற்றுவதைவிட, அளவோடு ஏற்றியபோதே அதிகம் பேர் பிழைத்தார்களாம். செலவில்தான் சிக்கனம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ரத்தத்திலும் சிக்கனம் வேண்டியிருக்கிறது!

அன்று பின்னிரவில் எண்டாஸ்கோப்பி செய்தார்கள். வாய் வழியாக ஒரு குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கிற வித்தை. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1868-இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற வைத்தியர், கத்தி விழுங்குகிற ஒரு வித்தைக்காரரைப் பிடித்து, அவர் தொண்டைக்குள் விறைப்பான ஓர் உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தாராம். கத்தி விழுங்குகிறவர் சரி, அல்வா விழுங்குகிறவர்கள் உலோகக் குழாயை விழுங்குவார்களா? வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழை வழியாக உருவத்தை அனுப்பலாம் என்று 1954-இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர் வளையும் குழாயைச் செய்தார். 1957-இல் அதை முதலில் தம் தொண்டைக்குள்தான் விட்டுப் பார்த்துக் கொண்டார். தமக்குச் செய்து கொண்ட பிறகே பிறருக்குச் செய்த அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

* * *

டாக்டர் வெளியே வந்து, திரையில் எடுத்த படத்தை எங்களுக்குக் காட்டினார். இரைப்பையின் மேல் முகட்டில் கறுப்புத் திராட்சைக் கொத்து ஒன்று தொங்குவது போல் இருந்தது. அதன் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி.

“இது புண் இல்லை. புற்றும் இல்லை. வீங்கிப் போன ரத்தக் குழாய்” என்றார்.

“வயித்திலே குழாய் ஏன் டாக்டர் வீங்கணும்?”

“நீங்க எந்த ஊர்?”

“கும்பகோணம்.”

“அப்ப சுலபமாப் புரியும்” என்று ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குடல், இரைப்பை, மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வருகிற ரத்தம் ஒரு பெரிய ஆறாகச் சேர்ந்து கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஆற்றின் வழியாகத்தான். கல்லீரல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் வரையில் ரத்தம் சுகமாக உள்ளே பாய்கிறது. ஈரல் தழும்பேறிச் சுருங்கிக் கட்டை மாதிரி ஆகிவிட்டால் தலைமதகு மூடின மாதிரிதான். தண்ணீர் சும்மா நிற்குமா? பக்கத்து வாய்க்கால்களில் திரும்பும். காவிரி வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பினால் அது தாங்கும். சின்ன வாய்க்காலில் திருப்பினால் கரை உப்பும், கசியும், ஒரு நாள் ராத்திரி உடைப்பெடுக்கும். கொள்ளிடத்துக்கே கூடச் சோதனை வந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக் கொண்டு போனதை நாம் பார்க்கவில்லையா?

உணவுக் குழாயின் அடியிலும் இரைப்பையின் முகட்டிலும் உள்ள சின்னக் குழாய்கள்தான் அந்தப் பாவப்பட்ட வாய்க்கால்கள். இந்த அழுத்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இரைப்பையிலும் குழாய் வீங்குகிறது. இதைத் தீர்க்கமாகக் கணக்கெடுத்தவர் நம் நாட்டுக்காரர்தான். டில்லியில் டாக்டர் சரின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 568 நோயாளிகளைப் பல காலம் கவனித்து 1992-இல் எழுதினார்கள். இரைப்பைக் குழாய் வீக்கத்தை அது இருக்கும் இடத்தைக் கொண்டு நாலு வகையாகப் பிரித்தார்கள். உலகம் முழுவதும் டாக்டர்கள் இன்றும் அந்தப் பிரிவைத்தான் சொல்லிக் கொள்கிறார்கள். அவர்கள் கண்ட உண்மை இது: உணவுக் குழாயில் வீங்கியவை அடிக்கடி உடைகின்றன. இரைப்பையில் வீங்கியவை அவ்வளவு அடிக்கடி உடைவதில்லை. ஆனால் உடைந்தால் ரத்தப் போக்கு பயங்கரம்.

“அது சரி டாக்டர். இவர் குடிக்கவே மாட்டாரே! ஈரல் எப்படிச் சுருங்கிச்சு?” என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆத்திரமே இருந்தது.

“குடி ஒரு காரணம்தாம்மா. மஞ்சள் காமாலைக் கிருமி ‘பி’, ‘சி’ன்னு இருக்கே, அதனாலேயும் வரும். குழந்தைகளுக்குக் கூட அந்தப் பெரிய குழாய் அடைச்சுக்கிட்டு வர்றது உண்டு. இவருக்குச் சர்க்கரை, உடம்புப் பருமன். ஈரல்லே கொழுப்பு படிஞ்சு, வருஷக் கணக்கா வெந்து தழும்பாயிருக்கு. வலி இருக்காது, வெளியே தெரியாது” என்றார்.

* * *

இனிப் பசைக்கு வருகிறேன்.

1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணர் துப்பாக்கிக்குக் குறி பார்க்கும் கண்ணாடி செய்வதற்காகத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக் கொண்டிருந்தார். சயனோஅக்ரிலேட் என்ற சரக்கு கையில் அகப்பட்டது. தொட்டதையெல்லாம் ஒட்டிக் கொண்டு அது பிராணனை வாங்கிற்று. சனியன் என்று ஒதுக்கி விட்டார். சில வருஷங்களுக்குப் பிறகு, அடடா, ஒட்டுவதுதானே இதன் பெருமை என்று தோன்றிற்று. 1958-இல் பசையாகவே கடைக்கு வந்துவிட்டது. வியட்நாம் சண்டையில் காயத்திலிருந்து பெருகும் ரத்தத்தை நிறுத்த இதைப் பீச்சியிருக்கிறார்கள். ஈரம் பட்டதும் இறுகுவது இதன் சுபாவம். ரத்தத்தைவிட ஈரமான வஸ்து எது?

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் சோஹேந்திரா 1986-இல் இதன் இன்னொரு வகையை எண்டாஸ்கோப்பி வழியாக வீங்கிய குழாய்க்குள்ளேயே ஊசியால் செலுத்திய விவரத்தை எழுதினார். (வீட்டுப் பசை வேறு, இது வேறு. வீட்டுப் பசை உடம்புக்குள் போனால் விஷம். விளையாட்டாகக் கூட யாரும் பரீட்சை பார்க்க வேண்டாம்.)

ஊசி போடுகிற காரியம் எவ்வளவு நுட்பமானது தெரியுமா? டாக்டரே பிறகு ஒரு நாள் எனக்கு விவரித்தார். அறையில் உள்ள அத்தனை பேரும் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக் கொள்கிறார்கள். ஒரு துளி தெறித்தால் இமை ஒட்டிவிடும். நோயாளியின் கண்ணையும் மூடுகிறார்கள். அரை மில்லி பசை. அது அவசரப்பட்டுக் குழாயிலேயே இறுகிவிடாமல் இருக்கவும், எக்ஸ்ரேயில் தெரியவும் கொஞ்சம் எண்ணெய் மருந்து கலப்பார்கள். ஊசி வீங்கின குழாய்க்குள் நுழைகிறது. டாக்டர் “போடு” என்கிறார். நர்ஸ் பசையைத் தள்ளுகிறார். பின்னாலேயே தண்ணீர் மருந்தைத் தள்ளி, கடைசித் துளிப் பசையையும் உள்ளே அனுப்புகிறார். உடனே ஊசியை வெளியே இழுத்தாக வேண்டும். சுணங்கினால் ஊசி உள்ளேயே ஒட்டிக் கொள்ளும். அந்தச் சமயம் உறிஞ்சும் பொத்தானில் விரல் பட்டால் பல லட்ச ரூபாய்க் கருவி பசையால் அடைத்துப் போகும். எல்லாம் சில விநாடிகளில்!

அபாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பசையின் துணுக்கு ரத்தத்தோடு ஓடி நுரையீரலில் போய் அடைத்துக் கொள்வது அபூர்வமாக நடக்கிறது. அதனால்தான் ஒரு தடவைக்குக் கொஞ்சமாகவே போடுகிறார்கள். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அன்றிரவு காகிதத்தை நீட்டினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து அவ்வளவு கோணலாக இருந்து நான் பார்த்ததில்லை.

பொழுது விடிவதற்குள் ரத்தம் நின்றுவிட்டது.

* * *

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்ததுதான் முக்கியம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “நாலு வாரத்திலே மறுபடி வரணும். கட்டாயம்” என்றார். ஓர் உடைப்பை அடைத்தாகிவிட்டது. ஆனால் தலைமதகு திறக்கவில்லையே! தண்ணீரின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. மிச்சம் இருக்கிற கொத்து மறுபடி உடையலாம். முதல் ரத்தப் போக்கில் பிழைத்தவர்களுக்கு எமனாக வருவது இந்த இரண்டாவது தடவைதான். ஆகையால் கொத்து முழுவதும் கல்லாக இறுகும் வரையில் தவணை தவணையாகப் பசை போட வேண்டும்.

“மாத்திரையால் தடுக்க முடியாதா?” என்று நான் கேட்டேன். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை உண்டு. பிராப்ரனலால் என்று பெயர். இருதயத்துக்காகக் கண்டுபிடித்தது ஈரலுக்கும் உதவும் என்று 1980-வாக்கில் பாரிஸில் கண்டார்கள். உணவுக் குழாய் வீக்கத்துக்கு அது நல்ல துணை. ஆனால் இரைப்பை முகட்டுக் கொத்துக்கு அது மட்டும் போதாது. டில்லியில் சரின் குழுவினரே 67 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மறுபடி ரத்தம் வந்தது. பசை போட்டவர்களில் நூற்றுக்கு 15. இறந்தவர்கள் முன்னதில் நூற்றுக்கு 25, பின்னதில் 3.

ரப்பர் வளையம் மாட்டுவது இன்னொரு முறை. உணவுக் குழாய் வீக்கத்துக்கு அதுதான் ராஜ வைத்தியம். இரைப்பையிலோ குழாய் பருமன் அதிகம். வளையம் கழன்று விழும் இடத்தில் மறுபடி உடைப்பெடுக்கும். தைவானில் 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் வளையம் மாட்டியவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும், பசை போட்டவர்களில் 22 பேருக்கும் மறுபடி ரத்தம் வந்ததாகக் கணக்கு.

இத்தனையும் தெரிந்து, நாலாவது வாரம் வந்தது. கார் சொல்லியாகிவிட்டது. அத்தான் கிளம்ப மாட்டேன் என்று விட்டார்!

“எனக்கு நன்னா இருக்கு. சோறு இறங்குது. கார்த்திகை தீபம் முடியட்டும்” என்றார். தீபம் முடிந்தது. “மார்கழி பிறக்கட்டும்” என்றார். மார்கழி பிறந்தது. “தை பிறந்தா வழி பிறக்கும்” என்றார். அக்கா அழுதாள், என் மருமான் கோபித்துக் கொண்டான், நான் கெஞ்சினேன். மனுஷர் அசையவில்லை.

காரணம் பயமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் என்னிடம் மட்டும் சொன்னார்.

“மாப்பிள்ளே, அன்னிக்கு நான் மயக்கமாக் கிடக்கிறேன்னு நெனச்சு, அங்கே ஒருத்தன், ‘பெரியவர் பழைய பார்ட்டி போலிருக்கு, எத்தனை வருஷக் குடியோ’ன்னான். இன்னொருத்தன் சிரிச்சான். வீட்டுக்கு வந்தா, பார்க்க வந்த உங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா, ‘இனிமேலாவது விட்டுடுங்க’ன்னு என் கையிலே சத்தியம் வாங்கப் பார்க்கிறார். நான் எதை விடறது? அறுபத்தாறு வயசிலே எனக்கு இந்தப் பேரா? அந்த வாசப்படியை நான் இனி மிதிக்கிறதா இல்லை.”

எனக்குத் தொண்டையை அடைத்தது. யாரிடமும் ஒரு காசு கூடக் கூட வாங்காத மனுஷர். அவர் சேர்த்து வைத்த ஒரே சொத்து அந்த நல்ல பெயர். அதைப் போகிற போக்கில் ஒருவன் சிரித்து அழித்துவிட்டான். குடிக்கிறவராகவே இருந்தால்தான் என்ன? ரத்தம் கக்கிக் கொண்டு கிடப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா?

கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நேரே வந்து அவர் எதிரில் நின்றாள். நாற்பது வருஷத்தில் அத்தானை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை.

“உங்களைக் குடிகாரர்னு ஊர் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அதை நான் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவேன். என்னைப் பார்த்து ஊர் வேற ஒரு வார்த்தை சொல்லும்படி வச்சுடாதீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

அத்தான் வெகு நேரம் தெருவையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, “மாப்பிள்ளே, கார்க்காரனுக்குப் போன் போடு” என்றார்.

* * *

மறு பரிசோதனையில் டாக்டர் குழாயின் நுனியால் அந்தக் கொத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பசை இறங்கிய பகுதி கல் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு பகுதி இன்னும் மெத்தென்று அமுங்கிற்று. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இது உடைஞ்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். உடைஞ்சிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன்” என்றார். அன்று இரண்டாவது ஊசி. அடுத்த மாதம் போனபோது கொத்து முழுவதும் இறுகியிருந்தது. உணவுக் குழாயிலும் வீக்கம் இருந்ததால் அதற்கு மாத்திரை. உள்ளே இறுகிய பசை நாளாக ஆக இரைப்பைக்குள் உதிர்ந்து வெளியே போய்விடுமாம். “முப்பத்து நாலு வருஷம் பாங்கியிலே இருந்தும் என்னிடம் பசை தங்கலே. இதுவா தங்கப் போகுது?” என்றார் அத்தான். அவர் தமாஷ் பேசினதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

பசை போட்டும் அடங்காதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. எண்டாஸ்கோப்பியோடு ஸ்கேனும் சேர்ந்த கருவியால் குழாயைப் பார்த்துக் கொண்டே, அதற்குள் மெல்லிய கம்பிச் சுருளை வைத்து அதன் மேல் பசை போடுகிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 30 பேருக்கு இப்படிச் செய்து 2011-இல் எழுதினார்கள். சுருளின் நார் பசையைப் பிடித்துக் கொள்வதால் அது ஓடிப் போகிற பயம் குறைவு. கழுத்து ரத்தக் குழாய் வழியாகப் போய் ஈரலுக்குள்ளேயே புது வாய்க்கால் வெட்டுவது ஒன்று. தைவானில் 2007-இல் அதைப் பசையோடு ஒப்பிட்டார்கள். மறுபடி ரத்தம் வருவது நன்றாகக் குறைந்தது. ஆனால் உயிர் வாழ்ந்தவர்களின் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. தவிர, ஈரல் வடிகட்டாத ரத்தம் நேரே மூளைக்குப் போய்ச் சிலருக்குப் புத்தி தடுமாறுகிறது. கொத்திலிருந்து ரத்தம் வடியும் வழியைப் பின்பக்கமாகப் போய் அடைப்பது ஜப்பானியர் முறை. கணையக் கோளாறால் மண்ணீரல் குழாய் மட்டும் அடைத்துக் கொண்டவர்களுக்கு மண்ணீரலை எடுத்துவிட்டால் கொத்தே வற்றிவிடும். ஈரலே அடியோடு கெட்டுப் போனவர்களுக்கு மாற்று ஈரல்தான் கதி. யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது சொற்பம். மலம் தார் மாதிரி போனால் லேகியத்தின் மேல் பழி போடாமல் அன்றைக்கே காட்டுங்கள். ஈரல் கோளாறு உள்ளவர்கள் கை கால் வலிக்கு மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்ள வேண்டாம். சர்க்கரையும் தொந்தியும் உள்ளவர்கள் ஈரலை ஒரு தரம் பார்த்துக் கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் நின்றதும் வைத்தியம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சொன்ன தேதிக்குப் போங்கள்.

அத்தானுக்கு அதற்குப் பிறகு ரத்தம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தஞ்சாவூர் போய்க் காட்டிக் கொள்கிறோம். அல்வா இப்போது நிஜமான விள்ளல். அக்கா கையால் கிள்ளித் தருவது.

போன தடவை வராந்தாவில் காத்திருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு பையன், முப்பது வயது இருக்கும், முகத்தைத் துண்டால் மறைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட அவன் தாயார். “குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டான் ஐயா. ரெண்டாந் தடவைக்கு வர மாட்டேன்னு அடம். எல்லாரும் கேவலமாப் பார்க்கிறாங்களாம்” என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

அத்தான் தம் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக் கொண்டார்.

“தம்பி, எனக்கும் இதே வியாதிதான். எதனாலே வந்துச்சுன்னு அந்தக் குழாய்க்கு அக்கறை இல்லே. குடியை விட்டுடு, அது வேற விஷயம். ஆனா அடுத்த தேதி என்னன்னு எழுதி வாங்கிட்டுத்தான் இங்கேருந்து எழுந்திருக்கணும், தெரிஞ்சுதா?” என்றார்.

பையன் துண்டை முகத்திலிருந்து எடுத்தான். அதற்குள் உள்ளேயிருந்து அத்தானின் பெயரைக் கூப்பிட்டார்கள்.